கொட்டகை வளைவில் நின்றவர்கள்

கலாதேவியைப் பற்றிச் சொல்வதென்றால் அவர் வேலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஈப்போவில் ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை. சுவர் முழுக்கத் திரைகள். கேமராக்கள் காட்டுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதுதான் அவருக்கு உத்தியோகம். யார் திருட வந்தவர், யார் கழிப்பறையைத் தேடுகிறவர், எந்தப் பிள்ளை தாயைத் தவறவிட்டுவிட்டது என்று நடையை வைத்தே சொல்லிவிடுவார். ஒருமுறை நான் அந்தப் பக்கம் போய் வந்த மறுநாள், கைப்பேசி பழுது பார்க்கும் என் கடைக்கு வந்து, "தனேஷ், ஒனக்கு எடது முட்டி வலிக்குதா?" என்று கேட்டார். வலித்தது. ஆனாலும் எனக்கு எரிச்சலாக இருந்தது. பார்க்கிறவர்கள் எல்லாரையும் இப்படி ஆராய்ந்துகொண்டிருந்தால் மனிதன் எப்படி நிம்மதியாகத் தெருவில் நடப்பது?

அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. புந்தோங்கில் அடுக்குமாடி வீடு ஒன்றில் பிச்சைமுத்து என்ற பெரியவரோடு இருந்தார். சித்தப்பா என்று கூப்பிடுவாரே தவிர ரத்த உறவு கிடையாது. இரண்டு பேருமே சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் இருந்த டன்மோர் தோட்டத்துக்காரர்கள். தோட்டத்தில் பிச்சைமுத்து ரப்பர் பால் லாரி ஓட்டியவர். ஈப்போவுக்கு வந்தபின் ஸ்டீயரிங்கைத் தொடவேயில்லை, கார் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிக்கும் வேலைக்குப் போய்விட்டார். மனைவி இறந்த பிறகு அவரே சமைத்து, கலாதேவிக்கு மத்தியானச் சாப்பாட்டைக் கட்டிக்கொடுத்து, பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தார். இப்போது ஓய்வு. அவரைப் போல நல்ல மனிதரை நான் அதிகம் பார்த்ததில்லை. இதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

கலாதேவியின் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அம்மா இருளாயி ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். கலாதேவி மூன்றாம் வகுப்பு படித்தபோது, ஒரு நாள் விடியுமுன், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் புறப்பட்ட அம்மா திரும்பி வரவில்லை. வெளியூர் லாரிக்காரன் ஒருவனோடு ஓடிவிட்டாள் என்று தொழிலாளர் வரிசை வீடான லயமே சொன்னது. அந்த வாரமே பிச்சைமுத்துவும் மனைவியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஈப்போவுக்கு வந்துவிட்டார்கள். பிறகு தோட்டத்தை விற்று, பால்மரங்களைச் சாய்த்து, லயங்களை இடித்து, செம்பனை நட்டார்கள். இந்தப் பிள்ளையோடு ஒட்டிக்கொண்ட பெயர் மட்டும் இடியவில்லை. ஓடிப்போனவள் மகள். பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்களும் காப்பியைக் குடித்துவிட்டு, விசாரித்துவிட்டு, அப்படியே நழுவிவிட்டன.

ஒருநாள் கடையில் திரை மாற்றக் காத்திருந்தபோது அவரே என்னிடம் சொன்னார்.

"கல்யாணம் ஆகலன்னு எனக்கு வருத்தம் இல்ல தனேஷ். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும். எங்கம்மா என்ன விட்டுட்டுப் போனாங்களா, இல்லையா?"

நான் வாய் ஓயாமல் பேசுகிற ஆள். அன்றைக்குத் தலையைக் குனிந்து திரையைத்தான் மாற்றினேன்.

எங்கள் மேப் சங்கத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கட்டைகளை அடுக்கி உலகம் கட்டுகிற கேம் ஒன்று உண்டு. அதில் ஊர், காடு, கோட்டை எதை வேண்டுமானாலும் கட்டலாம். கட்டியதில் மற்றவர்கள் நடக்கலாம், அதைத்தான் மேப் என்போம். பேராக் மாநிலத்தில் இந்தப் பைத்தியம் பிடித்த தமிழர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம், ஆண்டுதோறும் போட்டியும் நடத்துகிறோம். பாதி மதிப்பெண் நடுவர்களுடையது, மீதி மக்கள் ஓட்டு. முந்தின ஆண்டு மக்கள் ஓட்டு நாறிப்போனது. தஞ்சோங் மாலிம் பையன் ஒருவன் மேப்பில் நாலு சுவர்கூட உருப்படியாகக் கட்டவில்லை, ஆனால் ஒன்றுவிட்ட உறவு, இரண்டுவிட்ட உறவு என்று ஊரையே திரட்டி முதலிடத்துக்கு வந்துவிட்டான். அதனால் இந்த முறை நான் ஒரு கிடுக்கிப்பிடி போட்டேன். மேப்பில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து முடித்தால்தான் ஓட்டு. ஒவ்வொருவர் நடந்ததும் எங்களிடம் பதிவாகும், நடுவர்கள் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். நடக்கிற ஒவ்வொருவருக்கும் மேப் புதிதாகத் திறக்கும், முன்னால் வந்தவர் எதை உடைத்தார், எதை வைத்தார் என்று அடுத்தவருக்குத் தெரியாது. இதை யோசித்த என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

கலாதேவி கட்டை வைக்கக் கற்றது என் கடையில்தான். கற்றபின் சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் கைப்பேசியில் கட்டிக்கொண்டே இருந்தார். என்ன கட்டுகிறீர்கள் அக்கா என்றால், "இன்னும் முடியல லா" என்பார். போட்டிக்கு அனுப்பியபோதுதான் தெரிந்தது, டன்மோர் தோட்டம்.

என்னோடு இன்னொரு நடுவர் ரதீசன். தனியார் கல்லூரியில் கேம் வடிவமைப்பு சொல்லித்தருகிறவர், யாழ்ப்பாணத்து வழிக் குடும்பம், மதிப்பெண்ணைப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரை போடுகிற ஆள். அவர் முதலில் நடந்துவிட்டு எனக்குப் போன் செய்தார். அழகாகத்தான் கட்டியிருக்கிறார், ஆனால் எதிரி இல்லை, இலக்கு இல்லை, மனிதர்களே இல்லை என்றார். அதோடு அளவெல்லாம் தப்பாம். படிகள் இடுப்புயரத்துக்கு இருக்கின்றனவாம், கதவுத் தாழ்ப்பாள் தலைக்கு மேலே இருக்கிறதாம்.

மறுநாள் மத்தியானம் கடையில் ஆள் குறைந்த நேரத்தில் நானும் நடந்தேன். விடியுமுன் வெளிச்சம், பனி, செம்மண் பாதை. இரு பக்கமும் பால்மர நிரைகள். ஆப்பீஸ், பெரட்டுக்களம், லயம். வீடுகளின் கதவெல்லாம் திறந்து கிடந்தன. உள்ளே போனால் யாருமில்லை. ரதீசன் சொன்னது சரிதான், படி ஏற ஒவ்வொரு தடவையும் குதிக்க வேண்டியிருந்தது. கூரை எங்கேயோ இருந்தது. கடைசி வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது. மேசைக்கு அருகே போனேன், மேசை விளிம்பு என் கண்ணுக்கு நேராக நின்றது. அதன் மேல் மூடி போட்ட தட்டு ஒன்று.

அப்போதுதான் உறைத்தது. அளவு தப்பில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் உயரத்திலிருந்து பார்த்துக் கட்டியிருக்கிறார். அந்த உயரத்தில்தான் அந்தத் தோட்டம் அவருக்கு நின்றுபோயிருக்கிறது. நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றேன். வெயில் கொளுத்தியது. பக்கத்து மாமாக் சாப்பாட்டுக் கடையில் யாரோ தே தாரே டீ கேட்டுச் சத்தம் போட்டார்கள். அந்தச் சத்தம் எனக்கு அப்படி ஒரு ஆறுதலாக இருந்தது.

ஓட்டு தொடங்கியதும் டன்மோர் மேப் பிய்த்துக்கொண்டு போனது. தோட்டத்து ஆட்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. சுங்கை சிப்புட், ஆயர் தாவார், சிங்கப்பூர் என்று சிதறிக் கிடந்தவர்கள் அத்தனை பேரும் இணைப்பை அழுத்தி உள்ளே வந்துவிட்டார்கள். எங்க வீட்டு வாசல அப்படியே பாத்தேன் என்று ஒருவர் எழுதியிருந்தார், கண்ணு கலங்கிருச்சு என்று இன்னொருவர். இருளாயியைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

எனக்கு என்னவோ சந்தேகம். போன வருடத்துக் கதையே மறுபடியுமா? பதிவுகளைத் திறந்து ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். வயதானவர்களின் நடை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. சுவரில் முட்டுகிறார்கள், வடிகாலில் விழுகிறார்கள், நேராகப் போவதற்கே திணறுகிறார்கள். எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்து பார்க்கிறார்கள். விளக்கு எரியும் கடைசி வீட்டுக்கு மட்டும் யாரும் போகவில்லை. வாசலை ஒட்டி வருகிறவர்கள்கூட அங்கே பாதையின் மறு ஓரத்துக்கு ஒதுங்கிப் போகிறார்கள்.

லயத்தைத் தாண்டினால் பால் கொட்டகை, அதன் பின்னால் பாதை ஒரு வளைவு வளைந்து பெரிய ரோட்டுக்குப் போகும். அந்த வளைவில் ஒரு உருவம் நின்றது. சுவரில் முட்டிக்கொண்டு வந்த அதே உருவம் இப்போது மரத்தின் பக்கம் மெதுவாகத் திரும்பி, ஒரு இலைக்கட்டையை உடைத்து எடுத்து, பாதையின் இடது ஓரத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனது. கேமில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். அடுத்த பதிவு. வேறு ஆள், வேறு ஊர். அதே வளைவு, நின்றது, இலையை உடைத்தது, இடது ஓரத்தில் வைத்தது. அதற்கடுத்ததும் அப்படியே. இளசுகளின் பதிவில் மட்டும் அது இல்லை, வளைவில் ஓட்டமாக ஓடிவிடுகிறார்கள். பெருசுகள் நிற்கிறார்கள். ஒருவர் வைத்தது இன்னொருவருக்குத் தெரியவே முடியாது. அப்படியிருந்தும் ஒரே இடம்.

 பேய்க்கதை என்றால் கேலி செய்கிற ஆள் நான். அன்றைக்குக் கேலி எதுவும் வரவில்லை. மனிதர்களாக இருக்க முடியாது, யாரோ எந்திரக் கணக்குகள் வைத்து ஓட்டுக் குத்துகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி இருந்தால் மேப்பைத் தகுதி நீக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். கலாதேவியைக் கூப்பிட்டு, ஓட்டில் கோளாறு இருக்கிறது, வந்து பதில் சொல்லுங்கள் என்று கொஞ்சம் முறைப்பாகவே சொன்னேன்.

ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்தார். நான் பதிவை ஓட்டினேன். முதல் உருவம் வளைவில் நின்றபோது அவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். இரண்டாவது நின்றபோது ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அசையவில்லை. எத்தனையோ பதிவு ஓட்டியபின், ஒவ்வொரு முறையும் மேப் புதிதாகத்தான் திறக்கிறதா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அங்கே அவர் அடையாளமாக ஏதாவது கட்டி வைத்தாரா என்று நான் கேட்டேன். ஒன்றுமே வைக்கவில்லை, வெறும் மண் என்றார்.

பிறகு எனக்கு விளக்கினார். தோட்டத்தில் ஒரு பழக்கம் இருந்ததாம். காலம் வராமல் யாராவது செத்த இடத்தைக் கடந்துபோனால் பச்சைக் குழை ஒன்றை ஒடித்து அங்கே போட்டுவிட்டுப் போக வேண்டும். பேசக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது. ஆற்றங்கரையில் ஒருவர் மூழ்கிப்போன இடத்தில் இவரும் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு குழை போட்டிருக்கிறார். யோசித்துச் செய்கிற காரியம் இல்லை, கை தானாகச் செய்துவிடும் என்றார். ஆனால் கொட்டகை வளைவில் யாரும் குழை போட்டு அவர் பார்த்ததில்லை. அவருக்குத் தெரிந்தவரைக்கும் அந்த இடத்தில் யாரும் செத்திருக்கவில்லை.

"நான் தோட்டத்த விட்டு வந்த பெறகுதான் போட்டிருக்காங்க," என்றார். "எல்லாரும்."

நான் எழுந்து கடையின் முன்கதவைச் சாத்தினேன். எதற்காகச் சாத்தினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மேப்பை எதற்காகக் கட்டினார் என்று அன்றுதான் கேட்டேன். அம்மா எந்தப் பக்கமாகப் போனார் என்று பார்த்த யாராவது ஒருவர் அந்தப் பாதையில் நடந்தால் நினைவு வந்து எழுதுவார் என்று நம்பித்தான் கட்டியிருக்கிறார். எழுத மாட்டார்கள் என்றும் உள்ளூரத் தெரியுமாம். அதனால்தான், நடப்பதைப் பதிவு செய்யப்போகிறோம் என்று நான் அறிவித்த பிறகு மேப்பை அனுப்பியிருக்கிறார்.

"எங்க வேலையில ஆளுங்க சொல்றத நாங்க கேக்குறதில்ல. எங்க போய் நிக்கிறாங்கன்னுதான் பாப்போம்."

முடிக்காமல் விட்ட பதிவுகள் தனியாக ஒரு பக்கத்தில் இருந்தன. அவற்றையும் காட்டச் சொன்னார். அதில் ஒன்று புந்தோங்கிலிருந்து, அவர் வீட்டு இணைப்பிலிருந்தே வந்திருந்தது. அந்த உருவம் ஆப்பீஸ், பெரட்டுக்களம் எதையும் பார்க்காமல் நேராகக் கொட்டகைக்கு வந்தது. வளைவுக்கு முன்னால் நின்றுவிட்டது. நின்றது, நின்றுகொண்டே இருந்தது. பனி மட்டும் நகர்ந்தது. பிறகு வந்த வழியே திரும்பி, விளக்கு எரியும் கடைசி வீட்டின் வாசல்வரை போய், உள்ளே நுழையாமல் அணைந்துவிட்டது. ஓட்டு இல்லை. அந்த ஒரு வாசலுக்குப் போன பெருசு பிச்சைமுத்து மட்டும்தான்.

கலாதேவி அதை ஒரே ஒருமுறைதான் பார்த்தார். இரண்டாவது முறை ஓட்டட்டுமா என்று நான் கேட்டபோது வேண்டாம் என்று தலையாட்டினார். "காலையில எனக்கு நாசி லெமாக் கட்டிக் குடுத்தாரு," என்றார். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பரிசளிப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, புந்தோங்கில் கோயில் மண்டபத்தில். மக்கள் ஓட்டில் டன்மோர் முதலிடம், இரண்டாவது மேப் பக்கத்தில்கூட இல்லை. தோட்டத்து ஆட்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். பெண்கள் பூ வைத்து, ஆண்கள் பாத்தேக் சட்டை போட்டு, ஒருவரை ஒருவர் பார்த்து எத்தனை வருசம் ஆச்சு என்று கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எல்லாரும் கலாதேவியின் கன்னத்தைத் தடவி, ஒங்கம்மா இருந்தா என்று தொடங்கி, அப்படியே விழுங்கிவிட்டுச் சாப்பாட்டு மேசைப் பக்கம் போனார்கள். பிச்சைமுத்து வேட்டி கட்டி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

கலாதேவி என்னிடம் கேட்டது ஒரே உதவி. பெருசுகளின் எல்லாப் பதிவையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, ஒரே நேரத்தில் திரையில் ஓட்ட வேண்டும். ஒவ்வொருவர் நடந்த நேரமும் வேறுபடுமே என்று முணுமுணுத்தாலும் செய்து வைத்திருந்தேன். ஒவ்வொருவரும் வளைவுக்கு வரும் நேரம் ஒன்றாக இருக்கும்படி சரிசெய்யச் சொல்லியிருந்தார். ரதீசனுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. அவர் மேடையில் வெற்றி பெற்ற மேப்பை இப்போது பார்ப்போம் என்று அறிவித்துவிட்டு இறங்கினார்.

விளக்கை அணைக்கவில்லை. பகல் வெளிச்சத்திலேயே திரையில் பனி படர்ந்தது. லயத்திலிருந்து உருவங்கள் வரத் தொடங்கின. முகம் கிடையாது, நிழல்போல மெல்லிய சாயல் மட்டும். ஒன்று, ஐந்து, பிறகு கூட்டம். மண்டபத்தில் சிரிப்பு, அது நான் தான் லா, அங்க பாரு சுவத்துல முட்டுறது ஒங்க வீட்டுக்காரரு என்று ஒரே கலகலப்பு. உருவங்கள் விளக்கு எரியும் வீட்டை ஒதுக்கிப் போயின. சிரிப்பு குறைந்தது. கொட்டகை வந்தது. வளைவில் அத்தனை உருவங்களும் ஒன்றாக நின்றன. ஒன்றாக மரத்தின் பக்கம் திரும்பின. ஒன்றாக உடைத்தன. பாதையின் இடது ஓரத்தில், ஒரே இடத்தில், இலைக்குமேல் இலையாக ஒரு மேடு எழுந்தது. யாரும் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். வளைவுக்கு முன்னாலேயே நின்ற உருவம் ஒன்று மட்டும் தனியாக நின்றது.

 முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு கிழவியின் கை மடியில் எதையோ ஒடிப்பதுபோல அசைந்ததைப் பார்த்தேன். அவருக்கே அது தெரிந்ததாகத் தோன்றவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. செத்தவர்களைப் பார்த்து இல்லை, உயிரோடு உட்கார்ந்திருந்த இவர்களைப் பார்த்துப் பயமாக இருந்தது.

கலாதேவி மைக்கைப் பிடித்தார். யார் செய்தது, ஏன் மறைத்தீர்கள் என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"எங்கம்மாவ எந்தப் பக்கம் தல வெச்சுப் பொதச்சீங்க?"

 மண்டபத்தில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள், மின்விசிறியைப் பார்த்தார்கள். வாசல் பக்கம் பார்த்தவர்களும் உண்டு. கடைசியில் பிச்சைமுத்து எழுந்தார். 

"தெக்கால வெச்சுதாம்மா," என்றார். "கற்பூரம் ஏத்துனோம். பனியில லாரியப் பின்னால எடுத்தேன். பின் லைட்டு எரியல. நான் பாக்கல, கண்ணு."

 பிச்சைமுத்து மேலே பேசினார். அவருக்கு லைசென்ஸ் இல்லை, போலீஸ் வந்தால் ஜெயில். அவர் சம்சாரம் அப்போது வாயும் வயிறுமாக இருந்தாள், அந்தப் பிள்ளையும் பிறகு தங்கவில்லை. அன்றைக்கே பெரியவர்கள் கூடிப் பேசி முடித்தார்கள். "செத்துட்டாங்கன்னு சொன்னா போலீசு வரும், ஓடிட்டாங்கன்னு சொன்னா யாரும் வர மாட்டாங்கன்னாங்க. நீ சின்னப் புள்ள. மறந்துருவேன்னாங்க."

யாரோ பின்னாலிருந்து விம்மினார்கள். இன்னும் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருடமாக வராத அழுகை சாம்பார் மணக்கிற நேரத்தில் வந்து என்ன ஆகப்போகிறது? ஒரு மனுசி செத்ததை மறைத்தார்கள், சரி, பயம். அவள் மேலேயே பழியைப் போட்டு, அந்தப் பழியை ஒரு பிள்ளையின் தலையில் ஏற்றி, கல்யாண வீடு கருமாதி வீடு எல்லா இடத்திலும் அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார்களே, அதற்கு எந்தப் பயம் காரணம்?

கலாதேவி அவர்களைத் திட்டவில்லை. பிச்சைமுத்துவைப் பார்க்கவும் இல்லை. திரையில் பனிக்குள் நின்றுகொண்டிருந்த அந்த இலைமேட்டைப் பார்த்தபடி, பேர் தெரியாதவர்களுக்கு அறிமுகம் செய்கிற குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"எங்கம்மா பேரு இருளாயி. அவங்க என்ன விட்டுட்டு எங்கயும் போகல."

அதையே இன்னொரு முறையும் சொன்னார். அப்போது மைக் அவர் கையில் இல்லை.